அரை அரைக் கட்டையாக

சனிக்கிழமை காலையில் ஜோனெட்டாவின் சலூனில் நாற்காலி கிடைப்பது சர்ச்சில் முன்வரிசை கிடைப்பதைவிடக் கஷ்டம். எர்லீன் டாலிவர் வந்தால் மட்டும் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். டெட்ராய்டின் கிழக்குப் பக்கத்தில் பிறந்து, ‘அந்த பஸ் போகட்டும்’ பாட்டுக்கு ஒரு தடவையாவது ஆடாதவர்கள் கிடையாது. அந்தப் பாட்டின் தொண்டைக்குச் சொந்தக்காரி எர்லீன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நடையில் தெரியாது, முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

அன்று மாலை ஆற்றங்கரை மேடையில் டாலிவர் குடும்பத்தின் கச்சேரி. அண்ணன் ஓடெல், நடுவில் எர்லீன், கடைக்குட்டித் தங்கை வெர்னெல். பெரிய ஹிட்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து கம்பெனிக்காரர்கள் அப்போதுதான் புது ஆல்பம் போட்டிருந்தார்கள். எர்லீனைக் குஷிப்படுத்தலாம் என்று ஜோனெட்டா அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

எர்லீன் தன் ரிக்கார்டைத் தானே கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அது அப்பா போட்ட சட்டம். “கண்ணாடியப் பாத்துக்கிட்டே சாப்பிடுவியா நீ?” என்று கேட்டு ரிக்கார்டைப் பிடுங்கிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளைகள் மூன்று பேரும் அதை மீறவில்லை. ரேடியோவில் வந்தால்கூட வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடுவார்கள்.

“மிஸ் எர்லீன், சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா எப்படி? கூடப் பாடுங்க,” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி, தலை நிறைய ரோலர்களோடு.

பல்லவி வந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பையனை நிறுத்தி வைக்கிற பெண்ணின் பாட்டு. ‘போகட்டும்’ என்கிற இடத்தில் குரல் ஒரே எகிறலில் உச்சிக்குப் போகும். எர்லீன் வழக்கமாகப் பாடுகிற மாதிரி வாயைத் திறந்தாள். அவள் குரல் கீழ்ப்படியிலேயே நின்றது; ரிக்கார்டு மாடிக்குப் போய்விட்டது.

“ஜோனெட்டா, உன் மெஷின் வேகமா ஓடுது.”

“இது போன்ல வர்ற பாட்டு, தங்கம். இதுல ஏது வேகம்?”

ரோலர்காரி பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். எர்லீன் மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை வாய்க்குள்ளேயே முனகினாள். மூணு கட்டை இல்லை, நாலு கட்டை இல்லை, அஞ்சு கட்டை! மேடையில் அவள் பாடிக்கொண்டிருந்தது மூன்றில். சர்ச் பியானோவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டுமா? அப்படியானால் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை?

“ஆடாம இரு! முடி நீட்டுற சீப்பு சூடா இருக்கு, காது பொசுங்கிடும்,” என்று ஜோனெட்டா அதட்டினாள். எர்லீனால் ஆடாமல் இருக்க முடியவில்லை. காதின் ஓரம் பொசுங்கத்தான் செய்தது.

ஆற்றங்கரையில் மைக் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஓடெல் பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். பாண்டுக்கு அவன்தான் தலை. அந்தக் காலத்தில் பல்லவி முடிந்ததும் பெண் குரலைவிட மெலிதான உச்சக் குரலில் அவன் ‘போகட்டும், போகட்டும்’ என்று பதில் கொடுத்தால், முன்வரிசைப் பெண்கள் நாற்காலியோடு சாய்ந்துவிடுவார்கள். எர்லீனின் பாட்டை எல்லோருக்கும் தெரியும். ஓடெலின் பதிலைத்தான் எல்லோரும் குளியலறையில் பாடிப் பார்ப்பார்கள்.

“அண்ணே, நாம எந்தக் கட்டைல பாடுறோம்?”

அவன் திருகாணியைத் திருகினான். “எப்பவும் பாடுறதுதான்.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

கீபோர்டுக்காரன் தட்ரியஸ் கறுப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான். டிரம்காரன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

“கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கினேன்,” என்றான் ஓடெல். “அரை அரைக் கட்டையா. குளிர்காலத்துல ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. உனக்காகத்தான் லீனி. நீ மேடையில நின்னு திணறக் கூடாதுன்னு.”

“நான் என்னைக்குத் திணறினேன்?”

“திணறுற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா?”

“என்னைக் கேக்காம என் தொண்டைக்கு வைத்தியம் பண்ண நீ யாரு? இன்னைக்குப் பழைய கட்டையிலதான் பாடுவேன்.”

“வேணாம்.” அவன் குரல் திடீரென்று கடுமையானது. “ஜனங்க முன்னாடி வேணாம் லீனி. நான் சொல்றதைக் கேளு.”

அவ்வளவு பயமா என் தொண்டையைப் பற்றி என்று எர்லீனுக்குக் கண் கலங்கியது. அழுகையைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடையை மாற்றினாள், கழற்றினாள், மறுபடி அதையே மாட்டினாள். வெர்னெல் தட்டில் கொண்டுவந்த பொரித்த மீனை ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. எலுமிச்சை பிழிந்த டீயைக் குடித்துவிட்டு, காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு அந்த ‘போகட்டும்’மைத் தனியாகப் பாடிப் பார்த்தாள். முதல் தடவை உடைந்தது. இரண்டாம் தடவை எட்டியது. மூன்றாம் தடவை காற்றுதான் வந்தது. எட்டுமா எட்டாதா என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டாவிட்டால், இத்தனை வருஷம் கைதட்டினது எல்லாம் ஒரு கிழவிக்கு ஊர் போட்ட பிச்சை. அதை நினைத்தபோது இருப்புக் கொள்ளவில்லை.

வெர்னெல் கண்ணாடியைத் தட்டினாள். “அக்கா, உள்ள கத்துறது நீதானா? யாரோ பூனை மேல காரை ஏத்திட்டாங்கன்னு பாத்தேன்.”

“போடி,” என்று எர்லீன் கண்ணாடியை இறக்கினாள்.

“எதுக்கு இந்த வம்பு? குறைஞ்ச கட்டைன்னா என்ன, ஜனங்களுக்கா தெரியுது?”

“எனக்குத் தெரியுதுடி!”

வெர்னெல் அக்காவின் பொசுங்கின காதில் எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் கச்சேரி ஆரம்பித்தது. மடக்கு நாற்காலிகளும் ஐஸ் பெட்டிகளுமாக ஊரே வந்திருந்தது. பழைய ஹிட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பாடி முடித்தார்கள். எர்லீன் ஓரிடத்தில் நிற்கவில்லை. மைக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். கடைசியில் அந்தப் பாட்டின் முறை வந்தது.

முதல் அடி அவளுக்கு மட்டும் சொந்தம், வாத்தியம் கிடையாது. ஓடெல் வழக்கம்போல் தாழ்ந்த சுருதியை மீட்டிக் காட்டினான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடினாள். சர்ச்சில் யாராவது திடீரென்று எழுந்து பாட்டைத் தூக்கினால் வாத்தியக்காரர்கள்தான் சுருதியைத் தேடிக்கொண்டு வர வேண்டும். பாடுகிறவர் காத்திருக்க மாட்டார். அப்படித்தான் அவள் தூக்கினாள், பழைய கட்டையில். தட்ரியஸ் சிரித்துக்கொண்டே பிடித்துவிட்டான். ஓடெலின் விரல்களும் வேறு வழியில்லாமல் பின்னால் ஓடின.

பல்லவி வந்தது. ‘போகட்டும்!’ என்று எகிறினாள்.

எட்டியது. ஒரு கீறல்கூட இல்லை. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். எட்டிச்சுடா ஓடெல், எட்டிச்சு என்று உள்ளே கொக்கரித்துக்கொண்டு அண்ணனின் பதிலுக்காக நின்றாள்.

பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். ஓடெல் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் இல்லை. சட்டென்று பின்வாங்கி, கிடாரில் ஏதோ கோளாறு மாதிரி குனிந்துகொண்டான். வெர்னெல் அவசரமாக அந்த அடியைத் தன் தடித்த குரலில் இழுத்து நிரப்பினாள்.

எர்லீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உனக்காகத்தான் லீனி! அடப்பாவி, உனக்காகவாடா? உன் தொண்டை போனதற்கு என் பெயரில் கணக்கெழுதினாயா? எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டும்போது தலையை ஆட்டிக்கொண்டு நின்றாயே! மேடை என்று பார்க்காமல் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அடுத்த சரணத்தைக் கோபத்திலேயே பாடினாள்; நன்றாகத்தான் இருந்தது.

அவன் நிமிரவில்லை. அடுத்த பல்லவி நெருங்க நெருங்க, அப்பாவிடம் அடிவாங்கப் போகிற பையன் மாதிரி அவன் தோள்கள் சுருங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தக் காலத்தில் மயங்கி விழுந்தவர்களெல்லாம் வெள்ளை முடியோடு அவனுடைய ‘போகட்டும்’முக்காகத்தான் காத்திருந்தார்கள்.

எர்லீன் உள்ளங்கையைக் கீழே காட்டினாள். பாண்டு தணிந்தது.

“கண்ணுங்களா,” என்றாள் மைக்கில், “இந்தக் கிழவிக்கு ஒரே ஒரு தடவைதான் அந்த மாடி ஏற முடிஞ்சுது. தொண்டை பஞ்சராயிடுச்சு. ஓடெல் அண்ணே, உன் தங்கச்சிக்காகக் கொஞ்சம் இறக்கிக் குடு.”

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. “நீங்க எப்படிப் பாடினாலும் சரி, எர்லீன்!” என்று யாரோ கத்தினார்கள். முன்வரிசையில் ஜோனெட்டா பக்கத்தில் இருந்தவளிடம், “பாவம், காலையிலயே எனக்குத் தெரியும்,” என்றது எர்லீன் காதிலும் விழுந்தது. பொசுங்கிய காதுதான், ஆனால் நன்றாகக் கேட்டது. அந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டாள்.

பாண்டு இறங்கியது. பல்லவியை அவள் பாதிக் குரலில் பாடினாள். ஓடெல் மைக்குக்கு வந்தான். ‘போகட்டும், போகட்டும்’ என்று அந்த மெல்லிய குரல் எழுந்து ஆற்றின் மேல் போனது. பெண்கள் வீறிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால், ஒயரைச் சுருட்டிக்கொண்டே அவன் அவளிடம் வந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

“லீனி... அந்த முதல் தடவை. அது அப்படியே ரிக்கார்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சு.”

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டேன் லீனி.”

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலி தாங்கவில்லை.

“ஊர்ல கேக்குறவங்ககிட்ட இறக்கினது எனக்காகத்தான்னே சொல்லிக்க,” என்றாள். “எங்கிட்ட மட்டும் இனிமே அதைச் சொல்லாத.”