உயிரோடிருப்பவர்களின் சீட்டு

அண்ணன் இறந்துவிட்டான் என்பதை அக்காவிடம் சொல்வதற்காக, சைகோனில் எங்களைப் போன்ற சீனர்கள் வாழும் சோலோனுக்கு நான் வருவது இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் சொல்லாமலே சிட்னிக்குத் திரும்பிவிட்டேன்.

1979-இல் வியட்நாமை விட்டுத் தப்ப நாங்கள் படகேறியபோது எனக்குப் பதினான்கு வயது, அண்ணன் வாய் ஹோங்குக்குப் பத்தொன்பது. அக்கா லாய் கிங் கைக்குழந்தைக்காரி. அம்மாவோடு சைகோனிலேயே தங்கிவிட்டாள். பதினோராம் நாள், குடிதண்ணீர் தீர்ந்துபோன படகில், அண்ணன் இறந்தான். கடலில்தான் இறக்கினார்கள். அகதி முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், அவன் வேறு படகில் ஏறினான், எங்காவது கரை சேர்ந்திருப்பான் என்று எழுதினேன். அம்மாவுக்காகச் சொன்ன பொய். அம்மா போய் இருபது வருஷமாகியும் அது அப்படியே நின்றது.

காலை ஆறரைக்கே அக்கா என்னைக் கிளப்பிவிட்டாள். சந்து முனைக் கடையில் இன்னும் மண்சட்டியில்தான் காப்பி கொதிக்கிறது. நீளமான துணிப்பையில் வடித்து ஊற்றுகிறார்கள். அக்கா தன்னுடையதைச் சாஸரில் கவிழ்த்து உறிஞ்சினாள்.

"என்ன பாக்கிறே? நீயும் ஊத்திக் குடி. சிட்னிக்காரங்க யாரும் இங்க இல்ல."

"நாக்கு சுடுது."

"நாப்பது வருஷத்துல நாக்கையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டே."

மருந்துக்கடைத் தெருவில் மோட்டார் பைக்குகள் பெருகியிருந்தன. வாசனை மட்டும் மாறவில்லை: அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத்தோல், ஈரச் சாக்கு. பள்ளிக்கூடச் சீருடையில் இந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போவேன். அக்கா தாமரை விதை வாங்க ஒரு கடையில் நின்றாள்.

"தம்பியா அக்கா?" என்றார் கடைக்காரர். "வெளிநாட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டியிருக்கு."

"வயிறு மட்டும்தான் வெளிநாடு. நீ நல்லதாப் பாத்துப் போடு. போன தடவை பூச்சி அரிச்சதைக் கொடுத்தே."

"பூச்சியே தேடி வருதுன்னா சரக்கு எப்படின்னு பாத்துக்கங்க."

சிங்க நடனத்துக்குத் தலை செய்யும் கடை அதே இடத்தில் இருந்தது. காகிதமும் மூங்கிலுமாக நாலைந்து சிங்கங்கள் கண் வரையாமல் தொங்கின.

"இங்கதான் நிப்பான்," என்றாள் அக்கா. "பசை ஒட்டுறதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு. அவனை இழுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்." கொஞ்சம் நடந்தபின், "இப்ப அவனுக்கு அம்பத்தொம்பது. அப்பா மாதிரி முடியெல்லாம் கொட்டியிருக்கும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம்.

கடல் பயணிகளைக் காக்கும் அம்மனின் கோயிலுக்குப் போனோம். முற்றத்தின் மேலே, கூம்புபோலத் தொங்கும் ஊதுபத்திச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் புகைந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு. அதில் ஒரு குடும்பத்தின் பெயர்கள். சுருள் எரிந்து தீர ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பெயர்க்காரர்கள் நலமாக இருக்கவேண்டும் என்பது வேண்டுதல். அக்கா பெரிய சுருளாகக் கேட்டு வாங்கினாள். சீட்டை மேசையில் வைத்து, வருஷாவருஷம் எழுதியவளின் வேகத்தோடு, முதல் பெயராக வாய் ஹோங் என்று எழுதினாள்.

"அக்கா, அவன் பேரு வேண்டாம்."

"ஏன்?"

"அது உயிரோட இருக்கிறவங்க சீட்டு."

பேனா நின்றது. புகையில் நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த நாளு?" என்றாள்.

"கெளம்பிப் பதினோராம் நாள்."

"திதி கேக்கிறேன்."

"படகுல யாரு பாத்தா? பௌர்ணமி கழிஞ்சு ரெண்டு நாள் இருக்கும்."

சீனப் பஞ்சாங்கக் கணக்கில் விரலை மடக்கி எண்ணினாள். "நாலாம் மாசம் பதினேழு." பிறகு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அம்மாகிட்ட மறைச்சே, சரி. எங்கிட்ட ஏண்டா? வருஷம் தவறாம அப்பாவுக்குச் சோறு வெச்சேன். அம்மாவுக்கு வெச்சேன். கூட ஒரு கிண்ணம் அவனுக்கும் வெச்சிருப்பேனே. நாப்பது வருஷமா அவனைப் பட்டினி போட்டுட்டியேடா."

அவள் அழுவாள் என்றுதான் இத்தனை காலம் பயந்திருந்தேன். அண்ணனுக்குப் பசிக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அக்கா அந்தச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள். மகன், மருமகள், பேரன்கள், நான் என்று அதில் எழுதினாள். கோயில் ஆள் நீளக் கழியால் சுருளை மேலே மாட்டினான்.

"பதினேழுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே," என்றேன்.

"அதுவரைக்கும் அவனைக் காக்க வைக்கவா? நட."

மதியம் அப்பா, அம்மா படங்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கிண்ணம் வைத்தாள். சோறு, வேகவைத்த மீன், தாமரை விதை சூப். அவனுக்குப் படம் இல்லை. ஊதுபத்தியை ஏற்றிவிட்டு இருவரும் காத்திருந்தோம். அது எரிந்து முடியும்வரை அவர்கள் சாப்பிடும் நேரம். கடைசிச் சாம்பலும் விழுந்ததும் நான் கிண்ணங்களை எடுக்க எழுந்தேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டு இன்னொரு பத்தியை ஏற்றினாள்.

"உக்காரு. அவன் மெதுவாத்தான் சாப்பிடுவான்."