ஊசி போட்ட குரல்

பால்காரர் கதவைத் தட்டினார். "வரேன்" என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றும் அதே கதை. பாத்திரத்தோடு பேசாமல் வந்து நின்றவளைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு என்கூட டூவா?" என்று சிரித்தார் அவர். அவளும் சிரித்துவைத்தாள்.

அவள் மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். குழு அவளுடைய அண்ணனுடையது. கல்யாணம், ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று எங்கே போனாலும் உச்சஸ்தாயிப் பாட்டெல்லாம் அவள் தலையில்தான் விழும். தொண்டை எரிகிறது என்று சொன்னபோதெல்லாம் அண்ணன் தெரிந்த கம்பவுண்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடவைத்தார். அன்றைக்குக் குரல் கணீரென்று வரும். மறுநாள் முன்னைவிட மோசமாகும்.

இந்த முறை தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருந்தது. "ஊசி வலியை மறைச்சிருக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் வாயே திறக்காதீங்க. அப்புறம் பயிற்சி" என்றார் டாக்டர்.

அண்ணனிடம் சீட்டில் எழுதிக் காட்டினாள்.

"சனிக்கிழமை பெரிய மண்டபம், பாப்பா. ஒரே ஒரு ஊசி. என் மானத்தைக் காப்பாத்து." நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அவள் முடியாது என்று தலையாட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பார்த்தும் கொண்டார். கல்லூரி முடித்த பெண் ஒருத்தி குழுவில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இவளை யாரும் தேடவில்லை. கூடவே வேனில் அரட்டை அடித்து வந்த வாத்தியக்காரர்கள்கூட எட்டிப்பார்க்கவில்லை. டாக்டர் சொன்னபடி பேசாமல் இருப்பது சுலபமாகவே இருந்தது. பேச ஆளே வரவில்லை.

பிறகு பயிற்சி தொடங்கியது. பயிற்சியாளர் அவளைவிடச் சின்னப் பெண். டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, "ஊ" என்ற மெல்லிய சத்தத்தோடு குமிழி விடச் சொன்னாள். வாயை மூடி முனகச் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தால் அத்தோடு அன்றைய பாடம் முடிந்தது. ஊரே கைதட்டியவள், சமையலறையில் நின்று குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். சில நாள் அழுகை முட்டியது. அழுதால் தொண்டை இறுகுமே என்று அதையும் பாதியில் விழுங்கினாள்.

ஒரு மத்தியானம் துணி உலர்த்தும்போது தன்னை அறியாமல் பாடினாள். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஆனால் கரகரப்பில்லாமல், கடைசி வார்த்தைவரை உடையாமல் வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. மொட்டை மாடியில் யாருமில்லை. ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

சில மாதம் கழித்து அண்ணன் வந்தார். பின்னால் அந்தப் புதுப் பெண்.

"இவளுக்குத் தொண்டை கட்டிடுச்சு, பாப்பா. இந்த வாரம் மட்டும் நீ வந்து பாடிடு."

"வணக்கம்க்கா" என்றாள் பெண். பாதிதான் காதில் விழுந்தது.

"ஊசி போட்டாங்களா?" என்று கேட்டாள் இவள்.

பெண் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தாள்.

"அண்ணா, நான் வரேன். ஆனா என் குரலுக்கு ஏத்த மாதிரி சுருதியை எறக்கணும். நடுவுல ஓய்வு குடுக்கணும். இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"சுருதியை எறக்கினா ஜனங்க கேப்பாங்களா?"

"ஜனங்களை விடுங்கண்ணா. வலிக்குது வலிக்குதுன்னு இத்தனை வருஷம் சொன்னேனே, நீங்க கேட்டீங்களா?"

அண்ணன் பெண்ணின் பக்கம் திரும்பி, "உனக்கும் வலிக்குதாம்மா?" என்றார். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்தான் நிறைந்தது.

அவர் வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினார். பெண்ணை ஏற்றிவிட்டுத் தங்கையிடம் திரும்பினார்.

"தப்பு என்னுதுதான், பாப்பா. உழைக்கறவங்க வலிக்குதுன்னு சொன்னா வேலையைத்தான் நிறுத்தணும். நான் வலி வெளிய தெரியாம பாத்துக்கிட்டேன்."