கிண்ணத்தோடு போன கிருஷ்ணர்

எங்கள் நர்சரியில் அன்று கிருஷ்ண ஜெயந்தி. எல்.கே.ஜி. முழுக்கக் கிருஷ்ணர்களும் ராதைகளும். பாதிப் பேர் மூக்கொழுகிக்கொண்டு, மீதிப் பேர் நழுவும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. அரிசி மாவைக் கரைத்து, ஒவ்வொரு குழந்தையின் காலையும் அதில் தோய்த்து, வாசலிலிருந்து மாலை போட்ட சாமி படம் வரை நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். துர்கா மட்டும் யூனிஃபார்மில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அவ தாத்தா தவறி இன்னும் வருஷம் திரும்பல டீச்சர். இந்த வருஷம் எங்க வூட்ல பண்டிக கெடையாது. அவள சேக்காதீங்க" என்று அவள் அம்மா லாவண்யா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "உனக்கு அடுத்த வருஷம்டா தங்கம்" என்று சமாதானம் சொன்னேன். நாலு வயசுக்கு அடுத்த வருஷமும் அடுத்த ஜென்மமும் ஒன்றுதான்.

ஒரு ராதைக்கு ஜடை பின்னிவிட்டுத் திரும்பினால் துர்காவைக் காணோம். மாவுக் கிண்ணத்தையும் காணோம். ஃபோட்டோ எடுக்க வந்த பெற்றோருக்காக கேட்டைத் திறந்தே வைத்திருந்தேன், என் புத்தி அப்படி. மற்ற பிள்ளைகளைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். தெருவில் ஈரம் காயாத குட்டிக் காலடிகள். காலில் மாவு தீர்ந்த இடத்தில் கிண்ணம் வைத்த வட்டம், அதற்கப்புறம் மறுபடி காலடிகள்.

பூ விற்கும் செல்லம்மாள் சிரித்தாள். "கிருஷ்ணரு இப்பதான் போனாரு டீச்சர், கிண்ணத்த தூக்கிகினு. ஜல்தியா போங்க!"

பஸ் போகிற ரோட்டுக்குப் போயிருப்பாளோ என்று பயந்துகொண்டே ஓடினேன். காலடிகள் அவள் வீட்டுச் சந்துக்குள் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

காலடிகள் லாவண்யா வீட்டுப் படியேறி, தறியைத் தாண்டி, சுவரோரம் போய் நின்றிருந்தன. அங்கே மாலை போட்ட படத்தில் தாத்தா சுப்பராயலு. கீழே கிண்ணத்தோடு துர்கா. அவளை வாரி அணைத்துக்கொண்டேன்.

லாவண்யா தறிக்குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து வந்தாள். "சொன்னேன்ல, நம்ம வூட்ல சாமி கும்பிடக் கூடாதுன்னு?"

"நான் கும்பிடலமா. தாத்தாவுக்கு நடந்துதான் காட்னேன்."

லாவண்யா என் பக்கம் திரும்பினாள். "மாமியாரு வர்றதுக்குள்ள தொடச்சிடணும் டீச்சர்" என்று ஈரத்துணியை எடுத்தாள். படியைத் துடைத்தாள். தறியோரம் துடைத்தாள். படத்துக்குக் கீழே ஒன்றையொன்று ஒட்டி நின்ற இரண்டு பாதங்களுக்கு முன்னால் குந்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்து, அவற்றை மிதிக்காமல் சுற்றிப்போய், ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டே தறியில் உட்கார்ந்தாள்.