முதலில் ஸெஃபோவின் தாள்

மார்ச் மாதத்துப் பனிமூட்டம் டுலூத் நகரத்தையும் ஏரியையும் ஒன்றாகக் கரைத்துவிட்டிருந்தது. கரை எங்கே முடிந்தது, உறைந்த நீர் எங்கே தொடங்கியது என்பது வண்டிச் சக்கரங்களுக்கு மட்டுமே தெரிந்தது. ஸோரன் ஹால்விக் நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் வெண்மை, பின்னால் வெண்மை. எங்கோ அடியில் பனிப்பாளம் நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டு அடங்கியது. உறக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதைப் போலிருந்தது அது.

வண்டியின் வானொலியில் ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வயது, டுலூத் பைலட்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக், ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர். மூட்டத்திற்குள் கேட்டபோது, அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல் தோன்றியது.

இரண்டு வாரங்களாக ஊர் முழுவதும் ஒரே பேச்சு: ஸோரன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார். பல் மருத்துவர், அவன் பதில் பேச முடியாத நேரம் பார்த்துச் சொன்னார். அன்று காலை உணவுக் கடையில் ஆர்டித்தும் காப்பி ஊற்றிக்கொண்டே தொடங்கினாள். அவள் அங்கே முப்பது ஆண்டுகளாகப் பரிமாறுபவள்.

"அஞ்சு கோடிய வச்சுக்கிட்டு என்ன கண்ணு பண்ணப் போற? உனக்கு என்ன ரெண்டு வாயா இருக்கு?"

"ரெண்டு முட்டை, ஒரு ரொட்டி குடு, ஆர்டித்."

"பாத்தியா! அதுக்குப் பன்னெண்டு டாலர் போதுமே!"

கடை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான்.

அடுத்தவன் கூலியைத் தியாகம் செய்வதில் இந்த மக்களுக்கு இருந்த தாராளம் வியப்புக்குரியது. ஊர் வரிப்பணத்தில் மைதானம் கட்டிக்கொண்டு, அதற்குள் ஒரு குவளை பீரைப் பதினாறு டாலருக்கு விற்கும் அணி உரிமையாளரிடம், 'நீங்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன்' என்று இவர்களில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆயினும் ஊர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் ஒருவன் விட்டுக்கொடுப்பதை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியும். ஸோரன் ஒன்றரைக் கோடியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தது ஊருக்காக அன்று, ஸெஃபோ டுயாலாவுக்காக.

ஸெஃபோ அணியின் சென்டர். ஒவ்வோர் ஆட்ட நகர்விலும் குனிந்து நின்று, தரையிலுள்ள பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் ஸோரனின் கையில் சேர்ப்பவன். அடுத்த நொடியே நிமிர்ந்து, ஸோரனை நசுக்க வருகிறவனைத் தன் மார்பில் வாங்கிக்கொள்பவன். எட்டு ஆண்டுகளாக ஸோரன் அந்தப் பந்தைப் பார்த்ததே இல்லை. கண்கள் எதிரணியின் மேல் இருக்கும். பந்து தானாகக் கைக்கு வரும், காலையில் வெளிச்சம் வருவதைப் போல. இப்போது ஸெஃபோவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இன்று பிற்பகல் மூன்று மணிக்குமேல் எந்த அணியும் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பத்து நாளுக்கு முன்பு, அணியின் மேலாளர் ஹோலிஸ் விருந்து மேசையில் சாய்ந்து, "உன் ஆளுங்கள நாங்க பாத்துக்கறோம், தம்பி," என்று சொல்லித் தலையசைத்தார். ஒருவன் ஒப்பந்தத்தில் இன்னொருவனைப் பற்றி எழுத லீக் விதி இடந்தராது. ஆகவே எழுத்தில் எதுவும் இல்லை, அந்தத் தலையசைப்புத்தான். ஸோரன் அதை நம்பினான். எண்பதாயிரம் பேர் கூச்சலிடும்போது ஒரு சிறு கையசைவையும் தலையசைப்பையும் நம்பியே வாழ்கிறவன் அவன். மைதானத்தில் அவை பொய்த்ததில்லை. மேசைக்கும் மைதானத்திற்கும் வேறுபாடு உண்டென்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

இன்று நண்பகலில், புகைப்படக்காரர்கள் முன்னால், குறைந்த சம்பளத் தாளில் அவன் கையெழுத்திட வேண்டும்.

மூட்டத்திற்குள்ளிருந்து அந்தச் சிவப்புக் குடிசை மெல்ல மிதந்து வந்தது. ஸெஃபோவைப் போன்ற முன்வரிசைத் தடுப்பாளர்கள் பனியின் மேல் இழுத்து வந்து நிறுத்தியிருக்கும் மீன்பிடிக் குடிசை அது. அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உள்ளே சம்பளப் பேச்சு கூடாது. பேசியவன் வெளியே போய், கைத்துரப்பணத்தால் இரண்டடிப் பனியில் ஒரு துளை போட்டுவிட்டு வர வேண்டும்.

ஸெஃபோ வெளியே நின்று துளை போட்டுக்கொண்டிருந்தான். நூற்று நாற்பது கிலோ உடம்பு. தோளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

ஸோரன் வண்டியை நிறுத்தினான். "உள்ள நாலு துளை இருக்குல்ல? இது எதுக்குடா?"

"முன்பணம்," என்றான் ஸெஃபோ, நிமிராமல். "உள்ள போய்ப் பேசப் போறேன். அதான் தண்டனைய முன்னாடியே முடிச்சுக்கறேன்."

ஸோரன் இறங்கி அவன் பின்னால் நடந்தான்.

உள்ளே சிறிய அடுப்பு எரிந்தது. வேறு யாரும் இல்லை. துளைகளில் தண்ணீர் பச்சையாக, ஆழமான வெளிச்சத்துடன் இருந்தது. தலைகீழான வானம் ஒன்று அதற்குள் அடைபட்டிருப்பதாகத் தோன்றும். ஸெஃபோ வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

"நேத்து ஹோலிஸ் என்னைக் கூப்பிட்டாரு, ஊஸோ." சமோவாக்காரர்கள் உடன்பிறந்தானை அப்படித்தான் அழைப்பார்கள், ஸோரன் ஆறாம் ஆண்டில்தான் அந்த அழைப்பைப் பெற்றிருந்தான். "நான் கேட்டது ஒரு கோடியே இருபது லட்சம். மூணு வருஷம். தெற்கே டூஸான்காரன் அதைத் தர்றேங்கறான்."

"ஹோலிஸ்?"

"எண்பது. அதுவும் ஒரே வருஷம்."

"எண்பதா? நான் விட்டுக்கொடுக்கறது எங்க போகுது அப்ப?"

"மயாமியிலேர்ந்து ஒரு ரிசீவர் வர்றான், நீ எறியறதப் பிடிக்க. பறக்கற மாதிரி ஓடுவானாம்." ஸெஃபோ தூண்டில் நூலை விரலில் சுற்றினான். "அது போகட்டும். அவர் சொன்ன காரணத்தக் கேளு. 'ஸோரனே ஒன்றரைக் கோடிய விட்டுக்கொடுக்கறான், நீ என்ன நாப்பது லட்சத்துக்கு அழற?' அப்படின்னாரு. எனக்கு மட்டும் இல்ல. நம்ம வரிசையில நிக்கற டூயியையும் கூப்பிட்டு இதையே சொல்லியிருக்காரு. பந்து உதைக்கறவனைக்கூட விடல. உன் தியாகத்த வச்சு ஊர்ல இருக்கறவனையெல்லாம் அடிக்கறாங்கடா."

ஏரி அடியில் மறுபடியும் பெருமூச்சு விட்டது. சுவர்கள் தொலைவுக்கு நகர்ந்து, தானும் ஸெஃபோவும் அடுப்பும் மட்டும் வெண்மையில் மிதப்பதாக ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. கொடுத்தது தன் கையைவிட்டுப் போனபின், தான் நினைத்த இடத்துக்குத்தான் போய்ச் சேரும் என்று எப்படி நம்பினான்? பந்தை எறிகிறவனுக்கே உரிய பேதைமை அது.

"எனக்கு ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நேத்து ராத்திரி நீ உன் பொண்ணோட பிறந்த நாள் கேக் வெட்டிக்கிட்டிருந்த. அதுல வந்து எப்படிச் சொல்றது? நீ முழுசா வாங்கிக்க, ஊஸோ. அப்பதான் மத்தவன் தன் விலைய வாய்திறந்து சொல்ல முடியும். நான் டூஸான் போறேன். என் பொண்டாட்டி லேலா அங்க பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பாத்துட்டா. வெயில்ல முட்டி வலிக்காதாம்."

"உன் முட்டி எங்க இருந்தாலும் வலிக்கும்."

"அதுவும் சரிதான்."

ஸோரன் துளைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மீனின் நிழல் அவசரமின்றிக் கடந்து போனது. இரண்டு தாள்கள். அவற்றுள் எது முன், எது பின்? அவன் கையெழுத்திட்டபின் ஹோலிஸுக்கு அவன் தேவையில்லை. கையெழுத்திடும்வரை, அந்த ரிசீவரை வாங்க வரம்புக்குள் அவரிடம் பணம் போதாது. பழைய ஒப்பந்தம் உயிருடன்தான் இருக்கிறது. ஐந்து கோடி இன்னும் அவனுடையது.

அவன் தொலைபேசியை எடுத்தான்.

"என்ன பண்ற?" என்றான் ஸெஃபோ.

"துளை போடற வேலை எனக்கும் இருக்கு." எதிர்முனையில் ஹோலிஸின் குரல் கேட்டதும் ஸோரன் நிமிர்ந்தான். "ஹோலிஸ், முதல்ல ஸெஃபோவோட தாள். அவன் கேட்ட தொகைக்கு. அதுல உங்க கையெழுத்து விழுந்ததுக்கு அப்புறம்தான் என்னுது."

"தம்பி, அப்படியெல்லாம் நிபந்தனை போட முடியாது. விதி இருக்கு."

"நிபந்தனை எதுவும் இல்ல. நான் மீன் பிடிச்சிட்டிருக்கேன். எப்ப கரைக்கு வருவேன்னு எனக்கே தெரியாது."

"பன்னெண்டு மணிக்கு நாப்பது பத்திரிகைக்காரன் வர்றான்!"

"அவங்களுக்குக் காப்பி குடுங்க."

"ஊரே உன்னைப் பேராசைக்காரன்னு காறித் துப்பும்."

"துப்பட்டும். குளிருல அது கீழ விழறதுக்குள்ள உறைஞ்சுடும்."

ஹோலிஸ் இணைப்பைத் துண்டித்தார். ஸெஃபோவின் முகம் இருண்டிருந்தது.

"என்னை உன் பேரத்துல ஒரு பொருளா வைக்காத, ஸோரன். எனக்காக எவனும் பிச்சை கேக்க வேணாம்."

"உனக்காக யார்ரா கேட்டா? என் விலா எலும்புக்காகக் கேக்கறேன். நீ போயிட்டா பன்னெண்டும் போயிடும்."

ஸெஃபோ அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். பிறகு, "இருபத்து நாலுடா, முட்டாள். ரெண்டு பக்கமும் இருக்கு," என்றான். அவன் தாடிக்குள் எங்கோ சிரிப்பு அசைந்தது.

காத்திருந்தார்கள். ஸோரன் வெளியே சென்று தன் துளையைப் போட்டான், உள்ளங்கை கொப்பளித்தது. பதினொரு மணிக்கெல்லாம் செய்தி கசிந்துவிட்டது. கசியவிட்டவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. அடுப்பருகே இருந்த சிறிய வானொலியில் மக்கள் வரிசையாக வந்து அவனைத் திட்டினார்கள். ஒருவர் அவன் பெயர் பொறித்த தன் ஆட்டச் சட்டையைக் கொளுத்தப் போவதாகச் சொன்னார். அடுத்து வந்த குரல் இருவருக்கும் தெரிந்த குரல்.

"ரெண்டு முட்டை திங்கறவனுக்கு இவ்வளவு பேராசையா? நாளைக்கு வரட்டும், காப்பில உப்பைப் போட்டுத் தர்றேன்!"

"உன் ஆர்டித்துடா," என்றான் ஸெஃபோ.

"அவ காப்பில அது தெரியவே தெரியாது."

நண்பகல் வந்து, வந்த சுவடின்றிப் போனது. மூட்டம் சன்னலில் ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. அடுப்பின் வெம்மையில் ஸோரனுக்குக் கண்கள் சொருகின. அரைத்தூக்கத்தில் ஒரு மைதானம் வந்தது. புல்லுக்குப் பதிலாக நீர். அதன்மேல் அவன் கைகளை ஏந்தி நிற்கிறான். முன்னால் குனிந்திருப்பவன் எவனென்று தெரியவில்லை. பந்து வரவில்லை. கைகள் ஏந்தியபடியே குளிர்ந்துகொண்டிருந்தன.

மணியொலி கேட்டு விழித்தான். ஒன்று நாற்பது. ஸெஃபோவின் தொலைபேசி.

ஸெஃபோ கேட்டான், நெடுநேரம் கேட்டான். "எவ்வளவு?... ம்... மூணுன்னு சொல்லு." கதவருகே சென்று நின்றான். "இல்லையா? சரி... ஒரு நிமிஷம்." தொலைபேசியை மார்பில் அழுத்திக்கொண்டு திரும்பினான். "என் முகவர். தொகை நான் கேட்டது. ஆனா ரெண்டு வருஷம்தான். மூணு முடியாதாம்."

ஸோரன் வாயைத் திறக்கவில்லை. அது ஸெஃபோவின் தாள்.

"டூஸான்ல வெயில் நிறைய," என்றான் ஸெஃபோ, தனக்குத்தானே. பிறகு தொலைபேசியைத் தூக்கினான். "அனுப்பச் சொல்லு. அவங்க கையெழுத்த நான் என் கண்ணால பாக்கணும்."

இரண்டு மணிக்கு ஹோலிஸின் கையெழுத்துடன் அது தொலைபேசித் திரையில் வந்தது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்.

இரண்டரைக்கு ஸோரன், செதில் ஒட்டிய காலணியுடன், ஹோலிஸின் அறையில் நின்றான். சொன்ன சொல் தவறக்கூடாது என்பது அவனுடைய சட்டம். ஒன்றரைக் கோடி குறைந்த அதே தாளில் கையெழுத்திட்டான்.

"அந்த மயாமிக்காரன் போயிட்டான், தெரியுமா?" ஹோலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "மிச்சம் இருக்கறதுக்கு அவன் வர மாட்டேனுட்டான். பறப்பான்யா அவன்! ஒரு சென்டருக்காக அவனை விட்டுட்டோம்."

"பந்து என் கைக்கு வந்தாத்தான், ஹோலிஸ், அவன் கைக்குப் போகும்."

ஐந்து மணிச் செய்தியில் அவன் ஊரின் தங்கமகன் ஆகியிருந்தான். பதினொரு மணிக்குச் சட்டையைக் கொளுத்த இருந்த அதே மனிதர், கொளுத்தவே இல்லை என்று சொல்லிக் கண்கலங்கினார். ஸெஃபோவின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. முன்வரிசைத் தடுப்பாளர்களின் பெயர்கள் அவர்கள் தவறு செய்யும்போது மட்டுமே உச்சரிக்கப்படுவன.

ஸோரன் அதைக் கேட்கவில்லை. அவன் அப்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டுக்குப் பதினேழு ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு அறுபது முறை பந்து கைக்கு வரும். இரண்டு ஆண்டில் ஏறத்தாழ இரண்டாயிரம். இரண்டாயிரம் முறை பார்க்காமலே வாங்கலாம். அதற்குப் பிறகு என்ன என்பது மூட்டத்திற்குள் இருந்தது. அவன் கொப்பளித்த உள்ளங்கையைத் திருப்பி, மடியில் விரித்து வைத்துக்கொண்டான்.