மிங்மிங் வண்டின் சட்டை

ஆகஸ்டு வந்தால் எங்கள் ஒசாகா குடியிருப்புக்காரர்கள் தோட்டத்தில் சில்வண்டுகள் உரித்துப்போட்ட சட்டைகளைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். எது எந்தச் சாதி என்று உருப்பெருக்கியில் பார்த்துப் பதிய வேண்டும். பள்ளியில் அறிவியல் நடத்தியவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குடியிருப்பில் ஒருவரான குசாகா வடக்கே பிறந்தவர். அங்கே 'மிங்மிங்' என்று கத்தும் வண்டுதான் கோடை. எங்கள் சமவெளியில் அது கிடையாது. ஆனாலும் ஒன்பது வருஷமாக அவர் வீட்டுப் பிளம் மரத்தில் மட்டும் அதன் சட்டை இரண்டு மூன்று கிடைத்தது. சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அதை யோசிக்கவும் இல்லை; ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

மே மாதம் அவர் மனைவி ஃபுமியே இறந்துபோனாள். இந்த ஆகஸ்டில் அவர் மட்டும் நாற்பத்தொரு சட்டைகளோடு வந்தார்.

"எல்லாம் இங்க சாதாரணமா இருக்கற எண்ணெய் வண்டுங்க. மீசையில மூணாவது கணு நீளமா இருக்கு பாருங்க. மிங்மிங்குக்கு அது குட்டை."

"நல்லாப் பாருங்க டீச்சர். ஒண்ணுகூடவா மிங்மிங் இல்ல?"

"நீங்க கேட்டா மீசை குட்டையாயிடுமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தப்பு என்மேலதான். அவ போனதுலேர்ந்து மரத்துக்குத் தண்ணியே ஊத்தல. வேரடியில இருந்த மிங்மிங் புழுவெல்லாம் காஞ்சு போயிருக்கும். அவ வளத்ததை நான் கொன்னுட்டேன்."

ஒப்பிட்டுக் காட்டலாம் என்று போன வருஷப் பெட்டியைத் திறந்தேன். மீசை மிங்மிங்தான், சந்தேகமில்லை. கால் நுனியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. அதற்கு முந்தின வருஷத்துப் பெட்டியிலும் அப்படியே. சோற்றுப் பசை! ஃபுமியே வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் மலைமேல் தங்கை வீட்டுக்குப் போய் வருவாள். அங்கே மிங்மிங் ஏராளம்.

ஒன்பது வருஷம் மீசையையே பார்த்த நான் காலைப் பார்க்கவில்லை. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷர் தன்னையே தின்று தீர்த்துவிடுவார். உருப்பெருக்கியை அவரிடம் நீட்டி, தங்கை வீட்டு விஷயத்தையும் சொன்னேன்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அடிப்பாவி," என்றார். "கோந்து வாங்கக்கூட கஞ்சத்தனம்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அழுகையில் முடிந்தது. எனக்கும் தாங்கவில்லை.

பிறகு பதிவேட்டை எடுத்து, ஒன்பது பக்கத்திலும் 'இடம்' என்ற கட்டத்தில் அவர் தோட்டம் என்றிருந்ததை அடித்தேன். பக்கத்துக் கட்டம் 'கண்டெடுத்தவர்'. அதில் குசாகா என்று இருந்தது.

"பேனாவைக் குடுங்க டீச்சர்."

வாங்கி, தன் பெயரை அடித்தார். ஒன்பது முறையும் நிதானமாக ஃபுமியே என்று எழுதினார்.