எண்ணெயில் குழைத்த மண்

சுயம்புலிங்கத்தின் பிக்கப்புக்கு ஒரு குணம் உண்டு. காலையில் கை வைத்ததும் கிளம்பிவிடும். எலுமிச்சை மூடைகளை ஏற்றிக்கொண்டு புளியங்குடியிலிருந்து முனகாமல் வந்து சேரும். ஆனால் சூடேறிய பிறகு ஒரு தடவை இஞ்சினை அணைத்துவிட்டால் மறுபடி உயிர் வர ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது மதுரையில் எடுத்த வண்டி. ஐந்து வருஷமாக அவர் வழியில் எங்கேயும் அணைத்ததில்லை. காப்பிக் கடை வாசலில்கூட வண்டி உறுமிக்கொண்டேதான் நிற்கும். பெட்ரோல் விற்கிற விலையில் அண்ணாச்சிக்குத் துட்டு கடிக்குது என்று சங்கரன்கோவில் பஜாரே கேலி பேசியது.

நோயைக் கண்டுபிடித்தவர் ஸ்டேஷன் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மைதீன் பாட்சா. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். காயிலைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போகும் செம்புக் குழாயில் விரலை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பெட்ரோலு குழாய்க்குள்ளயே கொதிக்கி வே. ஆவியாப் போச்சுன்னா பம்பு எதை இழுக்கும்? ஈரத்துணியைச் சுத்தும். காயவிடாம பாத்துக்கிடும்."

சுயம்புலிங்கத்துக்கு ஒரு முழங்கால் மடங்காது. அதனால் அந்த வேலை மகள் செண்பகவல்லியிடம் வந்தது. பதினைந்து வயது அவளுக்கு. விடியுமுன் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, பம்பையும் குழாயையும் சுற்றிக் கோணித் துண்டை நனைத்துக் கட்டுவாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் துணி காய்ந்துவிடும். வண்டி பழையபடி சண்டித்தனம் செய்யும்.

உடம்பில் சூட்டுக்கட்டி வந்தால் அந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுவார்கள். மண் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடம்புச் சூட்டை இழுக்கிற மண் இரும்புச் சூட்டை இழுக்காதா என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. ஒருநாள் விடியற்காலையில் பம்பிலும் குழாயிலும் ஒரு விரல் கனத்துக்கு மண்ணை அப்பி, அதன் மேல் கோணித் துண்டைச் சுற்றிவிட்டாள். அன்றைக்கு பஜாரில் நிறுத்திய வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மறுநாளும் கிளம்பியது. தினமும் பழைய மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக அப்பினாள். நெற்றியில் இட்டு நாக்கில் வைக்கிற சாமி மண்ணை இஞ்சின் கரியில் பூசினாள் என்று தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

சுயம்புலிங்கத்துக்கோ துணியின் மேல்தான் நம்பிக்கை. பாட்சா சொன்ன வைத்தியம் பலித்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டே வாரத்தில், ஐந்து வருஷத்துப் பழக்கம் அவர் கையை விட்டுப் போனது. கண்ட இடத்தில் வண்டியை அணைக்கத் தொடங்கினார்.

பங்குனிக் கடைசியில் மருமகள் பேச்சித்தாய்க்கு வலி கண்டது. அவள் புருஷன், செண்பகவல்லியின் அண்ணன் மருதப்பன், ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்தான். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்த மருத்துவச்சி மாடத்தி, விடியற்காலையில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ள குறுக்கால கெடக்கு. இனி எங்கையில ஒண்ணுமில்ல. பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. உச்சிக்குள்ள போயிருங்க."

சுயம்புலிங்கம் மருதப்பனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பெட்ரோல் வாங்கி வர ஓடினார். செண்பகவல்லி இஞ்சின் மூடியைத் திறந்தாள். பாளையங்கோட்டை முப்பத்தைந்து மைல். தண்ணீரில் குழைத்த மண் பத்து மைலில் வெடித்து உதிர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அடுக்களைக்குள் பார்த்தாள். ஆமணக்கெண்ணெய் இருந்தது. உச்சந்தலையில் வைத்தால் கண்வரைக்கும் குளிர்கிற எண்ணெய். மதினிக்காக என்று நினைத்துக்கொண்டு கால் படி எண்ணெயையும் மண்ணில் ஊற்றிப் பிசைந்து, இரண்டு விரல் கனத்துக்கு அப்பினாள்.

வண்டியின் பின்பக்கம் வைக்கோல் பரப்பி, மேலே பாய் கட்டி, பேச்சித்தாயைப் படுக்கவைத்தார்கள். செண்பகவல்லி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்ரோல் கிடைத்துக் கிளம்பவே ஒன்பது மணி தாண்டியிருந்தது. தேவர்குளம் தாண்டும்போது மணி பதினொன்று இருக்கும். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பேச்சித்தாய் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

"இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு தாயி. உள்ள என்னவோ கிழியுது."

செண்பகவல்லி முன்பக்கத் தகரத்தில் தட்டினாள். சுயம்புலிங்கம் ஒரு உடைமரத்தடியில் ஒதுக்கினார். பெட்ரோல் புகையும் அதிர்வும் இல்லாமல் மருமகள் ஒரு நிமிஷம் மூச்சு விடட்டும் என்று சாவியைத் திருப்பி அணைத்தார். பேச்சித்தாய்க்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் முகம் சற்றுத் தெளிந்தது. போவோம் என்று மறுபடி சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

முதல் தடவையிலேயே செண்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூடியைத் திறந்து, கோணித் துண்டின் மேல் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழுக்கி ஓடித் தரையில் சொட்டியது. துணி நனைந்திருக்கிறது, ஆகவே கோளாறு அங்கே இல்லை என்று அவர் வேறு பக்கம் போனார். பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். காயிலின் கம்பிகளை இறுக்கினார். மறுபடி ஹேண்டில். மடங்காத காலை நீட்டிக்கொண்டு அவர் தொங்கித் தொங்கிச் சுற்றுவதைச் செண்பகவல்லி பாய் இடுக்கு வழியே பார்த்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இந்தச் சுற்றில் கிளம்பிவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கோவில் சாமி சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டாள். சாலையில் ஒரு பருத்தி வண்டி வந்தது. மாட்டு வண்டியில் போனால் ராத்திரியாகிவிடும் என்று வண்டிக்காரரே சொல்லிவிட்டுப் போனார். மர நிழல் வண்டியை விட்டு விலகியது.

ஒரு கட்டத்தில் பேச்சித்தாய் முனகுவதை நிறுத்தினாள்.

செண்பகவல்லி அவள் தலையை வைக்கோலில் இறக்கி வைத்துவிட்டுக் குதித்தாள். அப்பா கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி, கோணியைக் கிழித்து, உள்ளே குத்தினாள். மண் செங்கல்லாக வெந்து, சூட்டை வெளியே விடாமல் பம்போடு பம்பாக இறுகியிருந்தது. பெயர்ந்த சில்லுகள் விரலைச் சுட்டன. சுயம்புலிங்கம் ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்தார். ஆமணக்கெண்ணெய். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி கொண்டா" என்றார்.

வெறும் குழாயில் தண்ணீர் பட்டதும் சீறியது. இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினார்கள். கால் மணி நேரத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சித்தாயைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். பிறந்தது ஆண் பிள்ளை. வெளியே வரும்போதே அதற்கு உயிர் இல்லை. கடைசி பஸ்ஸில் மருதப்பன் வந்து சேர்ந்தான். சூடான வண்டியை நடுவழியில் அணைத்துவிட்டேன், கிளம்பவில்லை, என் புத்திதான் என்று சுயம்புலிங்கம் அவனிடம் சொன்னார். மருதப்பன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

விளக்கைக் குறைத்த பிறகு செண்பகவல்லி அப்பாவிடம் நகர்ந்து வந்தாள். அவர் தூங்கவில்லை.

"அப்பா, மொதத் தடவையே எனக்குத் தெரியும். மண்ணுதான்னு தெரியும். பயத்துல சொல்லல."

அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"உங்கண்ணங்கிட்ட இதைச் சொல்லாத. அவன் என்கிட்ட பேசாமப் போனா நான் தாங்கிக்கிடுவேன். உன்கிட்ட பேசாமப் போனா நீ தாங்கமாட்ட மக்கா."

அவள் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா சொன்னது ஆறுதலாக இருக்கவில்லை. விடிந்ததும் மருதப்பன், பிள்ளையைச் சுற்றிய துணியைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். அப்பாவைத் தாண்டி வந்து, அவள் முன்னால் நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீ அவ தலையை மடியில வச்சிருந்தியாம்லா. உன் மதினி சொன்னா. அந்த மனுசனுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. நீ இல்லன்னா இவளும் போயிருப்பா."

அப்பா அங்கிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்பது போல. செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"அண்ணே, அந்த மண்ணைப் பூசுனது நான்."

"எந்த மண்ணு?" என்றான் மருதப்பன்.