குறுவைத் தண்ணீரும் போரா போராவும்

மகள் கனிமொழியும் மருமகனும் மாலத்தீவிலிருந்து திரும்பி வந்து, கைப்பேசியில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அம்சவல்லிக்கு அந்த ஆசை வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் வரும் ஆசை என்பதால் அவளே முதலில் அதை நம்பவில்லை. தானாகப் போய்விடும் என்று சில நாள் விட்டுப் பார்த்தாள். போகவில்லை.

அவளுக்கும் இளையபெருமாளுக்கும் கல்யாணம் நடந்தது ஓர் ஆவணி மாதம். மறுநாளே மிராசுதார் வைரக்கண்ணுவின் நிலத்தில் சம்பா நடவு. தாலிக் கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கையிலேயே அவள் சேற்றில் இறங்கிவிட்டாள். இளையபெருமாள் வரப்போரம் நாற்றுக்கட்டு சுமந்தார். தேனிலவு என்ற சொல்லையே அவள் பிற்பாடு சினிமாவில்தான் கேள்விப்பட்டாள். அதற்குள் கனிமொழி பிறந்திருந்தாள்.

பிறகு குத்தகை நிலம் வந்தது. அப்புறம் சொந்த நிலம். நடவு இயந்திரம் டெல்டாவுக்கு வந்தபோது, அதற்கென்று பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கும் நாற்றை வளர்த்துக் கொடுக்க ஆள் இல்லை என்பதை முதலில் கவனித்தவள் அம்சவல்லி. இன்று நீடாமங்கலத்தைச் சுற்றி இயந்திர நடவு என்றால் அம்சவல்லியின் பாய் நாற்றுதான். நாற்றங்காலில் பூவம்மாளும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் அவளோடு வேலை பார்த்தார்கள். இளையபெருமாள் நடவு இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார்.

கனிமொழியிடம் ஒருமுறை தேனிலவு பற்றி ஜாடையாகப் பேச்செடுத்தாள். அதற்கெல்லாம் ஒரு வயது இருக்கிறதம்மா என்று மகள் சிரித்துவிட்டாள். அம்சவல்லியும் கூடச் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலமே கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள். தேடத் தேட மாலத்தீவைத் தாண்டி, ஆஸ்திரேலியாவையும் தாண்டி, பசிபிக் கடலின் நடுவில் போய் நின்றாள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரை வீடுகள். வீட்டுக்குள் தரையில் கண்ணாடி பதித்து, கீழே நீந்தும் மீன்களைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமாம். அந்தத் தீவின் பேரை இளையபெருமாளிடம் படித்துக் காட்டினாள்.

"போரா போரா."

"யாரு போறா?" என்றார் அவர்.

"நாமதாங்க போறோம்."

அவர் கைப்பேசியை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வெள்ளம் வந்த வருஷம் நம் வீடும் இப்படித்தான் தண்ணீருக்கு நடுவில் நின்றது, அதற்கு யாரும் நம்மிடம் காசு கேட்கவில்லை என்றார். சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தள்ளினார். அதற்கு அடுத்ததையும் தள்ளினார். அவர் நாலாவது படத்துக்குப் போனதுமே காரியம் பாதி முடிந்தது என்று அம்சவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

தஞ்சாவூரில் அவள் முதலில் ஏறிய பயண அலுவலகத்தில், உங்கள் வயதுக்குக் காசி, கயா நன்றாக இருக்கும் என்றார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அடுத்து ஏறியது பர்வின் நடத்திய அலுவலகம். நாகூர்க்காரப் பெண். பெரும்பாலும் வளைகுடா போகிறவர்களுக்கும் உம்ரா யாத்திரை போகிறவர்களுக்கும்தான் டிக்கெட் போடுவாள். அம்சவல்லி தீவின் பேரைச் சொன்னதும், பர்வின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் நான் இதுவரைக்கும் யாரையும் அனுப்பினதில்லைக்கா. உங்களைத்தான் முதல்ல அனுப்பப் போறேன். குடும்பமா போறீங்களா?"

"நானும் அவரும் மட்டும்."

பர்வின் பேனாவை மறுபடி எடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அதுவே வேலையாகிப் போனது. சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து, அப்புறம் அந்தத் தீவுகளின் தலைநகரமான பப்பீத்தே, அங்கிருந்து சின்ன விமானம், கடைசியில் படகு. முதலில் மலைகள் சூழ்ந்த மூரேயா தீவில் சில நாள், பிறகு போரா போரா. கரையிலேயே அறை எடுத்தால் செலவு குறையும் என்று பர்வின் சொல்லிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே இருப்பதுதான் வேண்டும், அதுவும் சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்த வீடாக வேண்டும் என்று அம்சவல்லி சொல்லிவிட்டாள். ஒரு நாள் இரவு மணல்மேல் மேசை போட்டு இரண்டு பேருக்கு மட்டும் விருந்து. ஒரு நாள் துடுப்புப் படகில் காலைச் சாப்பாடு வாசலுக்கே வரும். ஒவ்வொன்றையும் தானே கேட்டு, தானே தேர்ந்தாள். இளையபெருமாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சோறு கிடைக்குமா? கிடைக்கும், தேங்காய்ப் பாலும் மீனும் கூடவே கிடைக்கும் என்று பர்வின் சொன்னதும் அவர் சமாதானமாகிவிட்டார்.

விசாவுக்காக இருவரும் சென்னைக்குப் போனார்கள். பயணச் செலவு யாருடையது என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் இளையபெருமாளைப் பார்த்துக் கேட்டாள். அவர் பக்கத்தில் இருந்தவளைக் கை காட்டினார். வாழ்க்கையில் அம்சவல்லி அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

மே மாத நடுவில் கிளம்பி, மாதக் கடைசியில் திரும்புவதாகத் திட்டம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூனில்தான் திறக்கும். குறுவைக்கு நாற்றுவிட அதற்குள் வந்துவிடலாம். விசா கைக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து வந்த நேரத்தில், கிளம்ப மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கையில், மேற்கே மழை கொட்டி அணை நிரம்பிவிட்டது. இந்த வருஷம் மே மாதமே தண்ணீர் திறக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் அவளுடைய கைப்பேசி சூடேறிவிட்டது. எல்லோருக்கும் நாற்று வேண்டும், எல்லோருக்கும் உடனே வேண்டும். கனிமொழி கூப்பிட்டு, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்றாள். இளையபெருமாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அம்சா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அடுத்த வருஷம் என்ற அந்தச் சொல்லின் மேல்தான் வந்தது. அதை நம்பித்தான் அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள்.

மறுநாள் காலை வைரக்கண்ணு காரில் வந்து நாற்றங்கால் வாசலில் இறங்கினார். சுற்றுவட்டாரத்திலேயே அதிக ஏக்கர் அவருக்குத்தான். அவளை அவர் எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவார். அவர் நிலத்தில் நட்ட நாளிலிருந்து வந்த பழக்கம். இருவருமே அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"ஊரு உலகமெல்லாம் தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கு, நீ எங்கேயோ தீவுக்குப் போறியாமே. நீ இங்க இருந்தா நாத்து உங்கிட்ட எடுக்கறேன். இல்லாட்டி வலங்கைமான்ல சொல்லிவெச்சிடுவேன்."

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்சவல்லி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நாத்து சொன்ன தேதிக்கு வரும்ங்கய்யா. நான் இருக்க மாட்டேன். ரெண்டும் நடக்கும்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானமே அவள் விவசாயிகளை நாற்றங்கால் கொட்டகைக்கு வரவழைத்தாள். அணை இன்றைக்குத் திறந்தால் நாளைக்கே நம் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மூணாறு தலைப்பு மதகுகளில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக நிரம்பி வர வேண்டும். ஆகவே ஆற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு நாற்று பின்னால் வந்தால் போதும். போர் போட்டு மோட்டார் வைத்திருப்பவர்கள் அணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு முதல் ஈட்டு நாற்று. அதை இன்றே விதைத்தால், அவள் கிளம்பும் முன்பே நட்டு முடித்துவிடலாம். இதை அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்தது. ஒருவர் தலையாட்டினார், பிறகு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். வைரக்கண்ணு வரவில்லை. ஆனால் அவரிடம் மோட்டார் இருந்தது. அவருடைய பங்கையும் அவள் முதல் ஈட்டிலேயே சேர்த்து விதைத்தாள்.

இரண்டாம் ஈட்டை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது பூவம்மாள் முன்னால் வந்தாள். "எத்தனை வருஷமா கூட நிக்கறேன். நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாள்.

கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இளையபெருமாள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். இருட்டுவதற்குள் மன்னார்குடியிலிருந்து திரும்பினார். கையில் ஒரு பை. உள்ளே பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்ட இரண்டு சட்டைகள். வேட்டிக்கு மேல் இது எடுப்பாக இருக்குமா என்று கேட்டார். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அந்த நாட்களில் அவள் உழைத்த உழைப்பை அவள் உடம்பு அறியும். விதை ஊறவைத்து, முளைகட்டி, தட்டுத் தட்டாகத் தூவி, காலையும் மாலையும் பூவாளியால் நனைத்து. வெயில் கடுமையாக அடித்த இரண்டு நாள், நாற்றின் மேல் ஈரச்சாக்கு போட்டுக் காத்தார்கள். நாற்று தேறியது. சுருட்டினால் கோரைப்பாய் மாதிரி வந்தது.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், வைரக்கண்ணுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இளையபெருமாளே இயந்திரத்தை அவர் வயலில் இறக்கினார். அம்சவல்லி வரப்பில் நின்றாள். நூல் பிடித்தாற்போல் பச்சை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மத்தியானத்துக்குள் பெரிய நிலத் தாக்கு நட்டு முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆற்றுப் பாசன நிலமெல்லாம் இன்னும் வறண்டு கிடக்க, அவருடைய வயல் மட்டும் பச்சையாய் நின்றது. வைரக்கண்ணு குடையோடு வந்து, வரப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தார். பிறகு அவள் நின்ற இடத்துக்கு வந்தார்.

"எப்பக் கிளம்பறீங்க?"

அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"நாளை மறுநாள்ங்க."

"போயிட்டு வாங்க" என்றார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரயில் ஏறும்வரை அந்த 'ங்க' அவள் காதிலேயே இருந்தது.

மூரேயாவில் இருக்கும்போதே பூவம்மாளின் குரல் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. தலைப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டாம் ஈடு வண்டி ஏறிவிட்டது, ஒரு தட்டுகூடப் பழுதில்லை, வந்து பார்த்துக்கொள், இப்போது போனை அணைத்து வை என்றாள். அம்சவல்லி அணைத்து வைத்தாள்.

போரா போராவில் படகு அவர்களை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது. வெள்ளைப்பூ மாலையை அவர்கள் கழுத்தில் போட்ட பெண் வணங்கிவிட்டுப் போனாள். இளையபெருமாள் சட்டையின் செம்பருத்திகளை நீவிவிட்டுக்கொண்டு, தரைக் கண்ணாடியின் மேல் காலை வைக்கத் தயங்கிச் சுவரோரமாகவே நடந்தார். அம்சவல்லி தாழ்வாரத்துக்குப் போனாள். கடலுக்குள் ஓர் ஏணி இறங்கியது. மாலையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சுடிதாரோடு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்தளவு நின்றதும் கீழே தன் கால்விரல்களைத் தெளிவாகப் பார்த்தாள்.

"வாங்க" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "ஆழம் இல்ல."

வெண்ணாற்றில் சின்ன வயதிலிருந்து குதித்து வளர்ந்தவர் அவர். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஏணியைத் தொடாமல், தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து அப்படியே குதித்தார்.